பாம்பென்றால் படையும் நடுங்கும்: மேஜிக் கமாண்டரில் பாம்பு டெக் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறுதோறும் மேஜிக் ஆட்டம் நடக்கிறது. ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் ஒருவர் வருவார், மர்ஃபி டவுனிலிருந்து நடந்தே ஒருவர் வருவார். பேச்சு தமிழில், நடுநடுவே கன்னடத்தில். புதிதாக வருகிறவர்கள் என் பாம்பு டெக்கை (ஆட்டத்துக்காகச் சேர்த்துக் கட்டிய கார்டு அடுக்கை) பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிய பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மேஜிக் என்றால் என்ன, அதில் கமாண்டர் என்றால் என்ன?

மேஜிக்: த கேதரிங் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட கார்டு ஆட்டம். நீங்கள் ஒரு மந்திரவாதி. லேண்ட் கார்டுகளைப் படுக்கவைத்து மானா என்னும் மந்திர சக்தியை எடுத்து, அந்த மானாவைச் செலவழித்துக் கிரீச்சர்களை (உங்களுக்காகச் சண்டை போடும் உயிரினங்களை) இறக்குவீர்கள், மந்திரம் போடுவீர்கள். மானாவுக்கு வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறம்.

கமாண்டர் அதில் ஒரு விளையாட்டு முறை. அலாஸ்காவில் ஆட்டக்காரர்களே உண்டாக்கியது. இதற்கென்று நிறுவனம் தயார் டெக்குகளை வெளியிட்டது 2011இல்தான். டெக்கில் சரியாக 100 கார்டு. பேசிக் லேண்ட் (ஒரு நிற மானா மட்டும் தரும் சாதாரண லேண்ட்) தவிர எதுவும் இரண்டாவது பிரதி கூடாது. ஒரு லெஜண்டரி (தனிப் பெயர் பெற்ற நாயக வகை) கிரீச்சரைத் தலைவராக வெளியே வைத்துக்கொள்கிறோம், அவர்தான் கமாண்டர். செத்தாலும் அவரைத் திரும்ப இறக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மானா கூடுதலாகும். ஆளுக்கு 40 உயிர். பெரும்பாலும் நான்கு பேர் ஆடுவோம்.

தீம் டெக் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே எண்ணத்தைச் சுற்றிக் கட்டிய டெக். எல்லாம் பாம்பாக இருக்கலாம், எல்லாம் கடலாக இருக்கலாம். ஒரே ஓவியர் வரைந்த கார்டுகளை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. கிரீச்சர் வகையை வைத்துக் கட்டுவதற்கு விதிகளிலேயே ஆதரவு இருப்பதால் புதியவர்களுக்கு அதுதான் சுலபம்.

ஏன் பாம்பு?

எங்கள் தெருமுனை அரசமரத்தடியில் நாகக்கற்கள் வரிசையாக நிற்கும். மஞ்சள் பூசி, பூ வைத்து, செவ்வாய்க்கிழமை பால் ஊற்றுவார்கள். சிறு வயதில் ஒவ்வொரு கல்லிலும் பாம்பு எப்படிப் பின்னிக்கொண்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். 2004இல் வந்த காமிகாவா தொகுப்பில் ஜப்பானியச் சாயலோடு நான்கு கை கொண்ட ஒரோச்சி என்னும் பாம்பு மக்களைப் பார்த்தபோது அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது. தீம் டெக்குக்கு இந்த மாதிரி ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தோற்ற பிறகும் அதே டெக்கை அடுத்த வாரம் எடுக்க வைப்பது அந்தக் காரணம்தான்.

எந்தக் கமாண்டரைத் தேர்ந்தெடுப்பது?

பாம்புக்கு நல்ல தலைவர்கள் பலர். மூவரைச் சொல்கிறேன்.

ஹபாட்ரா, கறுப்பும் பச்சையும். ஒரு கிரீச்சர்மேல் நீங்கள் மைனஸ் ஒன்று கவுன்ட்டர் (வலுவைக் குறைக்கும் அடையாளம்) வைக்கும்போதெல்லாம் ஒரு விஷப்பாம்பு டோக்கன் (டெக்கில் கார்டாக இல்லாமல் ஆட்டத்தில் பிறக்கும் கிரீச்சர்) பிறக்கும். அவர் பாம்பில்லை, பாம்பை ஏவுகிற மனுஷி. டெக் முழுக்கக் கவுன்ட்டர் கணக்காகப் போய்விடும். பாம்புகள் விளைவாகத்தான் வரும்.

ஸைரிஸ், நீலம், சிவப்பு, பச்சை. எதிராளி வழக்கமான ஒரு கார்டுக்கு மேல் எடுக்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு பாம்பு டோக்கன். எல்லோருக்கும் கார்டு அள்ளிக் கொடுத்து, அதிலேயே அவர்களை முடிக்கிற டெக். மேசை கலகலப்பாக இருக்கும். ஆனால் எதிராளிக்கும் நல்ல கார்டு போய்ச் சேரும் என்பதை மறக்கக்கூடாது.

நான் வைத்திருப்பது கசெட்டோ. பச்சையும் நீலமும், மூன்று மானா, இரண்டுக்கு இரண்டு (இரண்டு அடி அடிக்கும், இரண்டு அடி வாங்கினால் சாகும்). ஒரு பச்சை, ஒரு நீலம் மானா கொடுத்தால் நீங்கள் காட்டும் கிரீச்சரை அந்த முறை (டர்ன்) முடியும்வரை யாரும் தடுக்க முடியாது. அது பாம்பாக இருந்தால் கூடவே இரண்டுக்கு இரண்டு வலு கூடும். மானா இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். புல்லுக்குள் நுழைந்து எங்கே போகிறது என்று தெரியாமல் போகிற பாம்பை விதியாகவே எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தீமும் விதியும் இவ்வளவு ஒட்டிப்போகிற தலைவர் குறைவு. முதல் பாம்பு டெக் கட்டுகிறவருக்குக் கசெட்டோவைத்தான் சொல்வேன்.

நிறக் கட்டுப்பாடு என்கிறார்களே, அது என்ன?

கமாண்டரின் கார்டில் எந்த நிற மானாக் குறிகள் இருக்கிறதோ அவை மட்டுமே டெக்கின் மற்றக் கார்டுகளில் வரலாம். இறக்கும் மானா விலையில் மட்டுமில்லை, உள்ளே எழுதியிருக்கும் விதியில் வரும் குறியும் கணக்கு. கசெட்டோ டெக்கில் கறுப்புக் குறி ஒன்று தென்பட்டாலும் அந்தப் பாம்பு வெளியேதான்.

என் பழைய கார்டில் ‘நாகா’ என்று அச்சாகியிருக்கிறது. அது பாம்பா?

பாம்புதான். 2014இல் வந்த டார்கிர் தொகுப்பிலும் 2017இல் வந்த அமோன்கெட் தொகுப்பிலும் நாகா தனி வகையாக இருந்தது. பிற்பாடு அந்த வகையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பாம்பு வகையில் சேர்த்துவிட்டார்கள். அச்சில் என்ன இருந்தாலும் இன்றைய அதிகாரபூர்வ வாசகம்தான் செல்லும். இதனால் நமக்கு லாபம்: நாகா வைட்டலிஸ்ட் என்ற இரண்டு மானாக் கிரீச்சர் மானா கொடுக்கும், இப்போது பாம்பாகவும் எண்ணப்படும். பழைய கார்டுப் பெட்டிகளைக் கிளறும்போது இந்தப் பெயரையும் தேடுங்கள்.

கமாண்டர் போக மீதித் தொண்ணூற்றொன்பதில் எத்தனை பாம்பு போடலாம்?

எல்லோரும் தவறுவது இங்கேதான். நானும் தவறினேன். முதலில் கட்டிய டெக்கில் கையில் கிடைத்த பாம்பையெல்லாம் போட்டு, லேண்டை 31ஆகக் குறைத்தேன். மூன்று ஞாயிறு வரிசையாக, கை நிறையப் பாம்பை வைத்துக்கொண்டு இரண்டே லேண்டோடு உட்கார்ந்திருந்தேன். கிடைத்த மானாவில் ஒன்றை இறக்கினால் அது சாகும். அடுத்தது வர வழியில்லை.

இப்போது என் கணக்கு இது. லேண்ட் 37. அப்போதுதான் முதல் கை ஏழு கார்டில் சராசரியாக இரண்டரைக்குச் சற்று மேல் லேண்ட் வரும். மானாவை வேகமாக்குகிற கார்டு 10. பத்து இருந்தால் உங்கள் மூன்றாவது முறைக்குள் குறைந்தது ஒன்று கைக்கு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு; ஐந்துதான் என்றால் பாதிக்கும் கீழே போய்விடும். கார்டு எடுத்துத் தருவது 10, எதிராளியால் வரும் ஆபத்தை நீக்குவதும் நம் பாம்புகளைக் காப்பதும் சேர்ந்து 10. மீதி 32 இடம் பாம்புக்கு.

முப்பத்திரண்டுதானா என்று முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்ல பாம்புகள் இரட்டை வேலை செய்யும். சகுரா-ட்ரைப் எல்டர் ஒரு பாம்பு. எதிராளியின் பெரிய கிரீச்சரைத் தடுத்துவிட்டு, அடி விழுவதற்கு முன்பே தன்னைப் பலி கொடுத்து ஒரு பேசிக் லேண்டை எடுத்து வைக்கும். மானாக் கணக்கில் அதையும் சேர்க்கலாம். காய்லிங் ஆரக்கிள் இரண்டு மானாப் பாம்பு. இறங்கும்போது டெக்கின் மேல் கார்டைத் திறக்கும், லேண்டென்றால் களத்துக்கு வரும், இல்லையென்றால் கைக்கு வரும். இப்படித் தேடித் தேடிப் போட்டால் பாம்பு நாற்பதைத் தாண்டும். டெக்கின் எலும்பும் உறுதியாக இருக்கும். பாம்பாகவும் இருந்து வேலையும் செய்கிற கார்டைக் கண்டுபிடிப்பதில்தான் டெக் கட்டுகிறவரின் திறமை தெரிகிறது.

கட்டாயம் இருக்க வேண்டிய பாம்புகள் எவை?

செஷிரோ முதலில். ஆறு மானா, மற்றப் பாம்புகளுக்கெல்லாம் இரண்டுக்கு இரண்டு கூட்டும். எந்தப் பாம்பு எதிராளியை அடித்தாலும் நீங்கள் ஒரு கார்டு எடுக்கலாம். அவர் பிள்ளைகள் சோசுகேவும் சாச்சியும் அதே குடும்பமாக வருவார்கள். அப்பா, மகன், மகள் மூவரும் ஒரே களத்தில் நிற்கும் நாளில் அந்த ஆட்டத்தின் முடிவு எனக்கு இரண்டாம்பட்சம்.

ஓரன் ஃப்ராஸ்ட்ஃபாங், ஐந்து மானா, இரண்டுக்கு ஆறு. நீங்கள் தாக்க அனுப்பும் எல்லாக் கிரீச்சருக்கும் டெத்டச் தரும். அதாவது அவை துளி அடித்தாலும் எதிரிக் கிரீச்சர் சாகும். அடி எதிராளிமேல் விழுந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கார்டு. ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

மிஸ்டிக் ஸ்னேக் நான்கு மானா. எதிராளி மந்திரம் போடும்போது திடீரென்று இறங்கி அதை முறித்துவிடும். ஆம்புஷ் வைப்பர் இரண்டே மானா, அதுவும் எதிராளியின் முறையில் குதிக்கும், டெத்டச் உண்டு. எட்டுக்கு எட்டு அரக்கன் தாக்க வரும்போது இந்தச் சின்ன விரியன் எழுந்து தடுத்தால், பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பதை மேசையில் கண்ணால் பார்க்கலாம்.

ஹூடட் ஹைட்ரா செத்தால் அதன்மேல் இருந்த கவுன்ட்டர் எண்ணிக்கைக்குப் பாம்பு டோக்கன் பிறக்கும். லோர்ஸ்கேல் கோட்டல் நீங்கள் கார்டு எடுக்க எடுக்க வளரும். நார்நம் கோப்ரா இயந்திர நாகம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பாம்பல்லாத கார்டு போட்டால் தீம் கெட்டுவிடாதா?

கெடாது. கிண்ட்ரட் டிஸ்கவரியில் பாம்பு என்று அறிவித்தால் ஒவ்வொரு பாம்பு இறங்கும்போதும் தாக்கும்போதும் ஒரு கார்டு. வேங்குவிஷர்ஸ் பேனர் பாம்புகளுக்கு வலு கூட்டிக் கார்டும் தரும். இவையெல்லாம் பாம்புக்குப் புற்று மாதிரி. புற்று பாம்பில்லைதான், ஆனாலும் அது இல்லாமல் பாம்பு எங்கே தங்கும்?

கோட் ஆஃப் ஆர்ம்ஸ் மட்டும் யோசித்துப் போடுங்கள். ஆறு பாம்பு நின்றால் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு ஐந்து கூடும். எதிரே காப்ளின் டெக் இருந்தால் அவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

ஃபின் என்ற ஒருவரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர் மனிதர். உங்களிடம் டெத்டச் உள்ள கிரீச்சர் எதிராளியை அடித்தால் அவருக்கு இரண்டு விஷக் கவுன்ட்டர். பத்து சேர்ந்தால் 40 உயிர் மிச்சமிருந்தாலும் தோல்வி. ஃப்ராஸ்ட்ஃபாங்கும் ஃபின்னும் சேர்ந்து நின்றால் ஐந்து பாம்பு தடையில்லாமல் அடித்தாலே ஒருவர் வெளியே. விஷப்பாம்பு டெக்கில் விஷத்தால் ஜெயிப்பதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஆனால் உட்காரும் முன்பே மற்ற மூவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கசெட்டோவை எப்போது பயன்படுத்துவது?

தாக்கப்போகிற பாம்புகளை அறிவித்த பிறகு, எதிராளி தடுப்பவர்களை அறிவிக்கும் முன்பு. அந்தச் சின்ன இடைவெளிதான் இந்த டெக்கின் உயிர். தடுப்பை அறிவித்த பிறகு மானா கொடுத்தால் வலு கூடும், ஆனால் ஏற்கெனவே தடுத்தது தடுத்ததுதான். புதியவர்கள் ஆளாளுக்கு ஒருமுறையாவது இதில் மாட்டுகிறார்கள்.

ஆறு லேண்டில் மூன்று பச்சையும் மூன்று நீலமுமாக இருந்தால் மூன்று தடவை செய்யலாம். மூன்றையும் ஒரே மூச்சில் அறிவிக்காதீர்கள். ஒன்றைச் சொல்லி, அது நிறைவேறுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீங்கள் காட்டிய பாம்பை எதிராளி பதிலுக்குக் கொன்றுவிட்டால் அந்த இரண்டு மானா போய்விடும். மற்ற நான்கு கையில் இருக்கும்.

கசெட்டோவும் பாம்புதான் என்பதை மறக்கிறார்கள். மூன்று தடவையையும் அவர்மேலேயே வைத்தால் எட்டு அடி. ஒரே கமாண்டரின் கையால் ஒருவர் 21 அடி வாங்கினால் உயிர் எவ்வளவு இருந்தாலும் தோற்றுவிடுவார். மூன்று முறை நழுவிப் போய் அடித்தால் போதும். 20 உயிருக்கு மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த ஒருவரை இப்படி முடித்திருக்கிறேன்.

முதல் கை எப்படி இருக்க வேண்டும்?

மூன்று லேண்ட், அதில் இரண்டு நிறமும். கூடவே மானாவோ கார்டோ தரும் மலிவான பாம்பு ஒன்று. இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஆட்டத்தில் முதல் மாற்றம் இலவசம்.

எல்லாக் கிரீச்சரையும் ஒருவர் ஒரேயடியாகக் கொன்றுவிட்டால்?

கொல்வார்கள். பாம்புகள் பெருகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் களத்தில் நான்கைந்து பாம்பு நின்றாலே போதும். கையில் இரண்டை வைத்திருங்கள். ஹீரோயிக் இன்டர்வென்ஷன் இரண்டு மானாவில் உங்கள் களத்தையே அழிவிலிருந்து காக்கும். ஆனால் நாடுகடத்தும் (ஆட்டத்தைவிட்டே வெளியேற்றும்) மந்திரத்துக்கும் கைக்குத் திருப்பும் மந்திரத்துக்கும் அது உதவாது.

என் மனசுக்குப் பிடித்த மருந்து சோசுகேஸ் சம்மன்ஸ். மூன்று மானாவில் இரண்டு பாம்பு டோக்கன். அது கிரேவ்யார்டில் (செத்ததும் பயன்படுத்தியதும் சேரும் குவியலில்) கிடக்கும்போது டோக்கனல்லாத பாம்பு ஒன்று உங்கள் பக்கம் இறங்கினால் கைக்குத் திரும்ப வரலாம். கசெட்டோவைத் திரும்ப இறக்கினாலே அதுவும் எழுந்து வரும்.

டோக்கனுக்கு என்ன வைப்பது?

நான் சோழி வைக்கிறேன். பாட்டியின் பல்லாங்குழிப் பெட்டியில் இருந்தவை. முதலில் புளியங்கொட்டை வைத்துப் பார்த்தேன். எது தாக்கிவிட்டுப் படுத்திருக்கிறது, எது தடுக்கத் தயாராக நிற்கிறது என்று காட்ட முடியவில்லை. சோழியில் வாய் கீழே இருந்தால் தயார், மேலே இருந்தால் படுத்திருக்கிறது. அறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

விலை அதிகம் என்கிறார்களே? பிரின்ட் எடுத்து ஆடலாமா?

பாம்பு டெக்கின் நல்ல விஷயம், அதன் பெரும்பாலான கார்டுகள் மலிவானவை. பூஸ்டர் பாக்கெட் (உள்ளே என்ன கார்டு என்று தெரியாத பாக்கெட்) வாங்கி அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள். வேண்டிய கார்டைத் தனித்தனியாக வாங்குங்கள்.

வீட்டு மேசையில் பிரின்ட் தாராளமாகச் செல்லும். சொந்த உபயோகத்துக்கு, விற்காமல் வைத்துக்கொள்ளும் சோதனைக் கார்டுகளைத் தடுக்கும் எண்ணமில்லை என்று நிறுவனமே 2016இல் சொல்லியிருக்கிறது. அதிகாரபூர்வப் போட்டிக்கு மட்டும் அசல் வேண்டும். கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். வெட்டி, ஏதாவது ஒரு பேசிக் லேண்டுக்கு முன்னால் உறையில் செருகினால் சரி. ஒரு மாதம் அப்படி ஆடிப் பார்த்துவிட்டு வாங்குவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

போலியை அசலென்று விற்பது வேறு விஷயம். எனக்கு ஒருமுறை அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நகை வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கார்டின் பின்புறம் ஐந்து நிறப் புள்ளிகளில் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். அசலில் அதற்குள் நான்கு சிவப்புத் துளிகள் ‘ட’ எழுத்தைப் போல மடங்கி நிற்கும்.

என் டெக் மற்றவர்களுக்கு ரொம்ப வலுவாகவோ மெலிவாகவோ இருந்தால்?

2025இல் கமாண்டர் டெக்குகளை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். தீமுக்காகவே கட்டியவை பெரும்பாலும் முதல் இரண்டு படிகளில் இருக்கும். ஆட்டத்தையே புரட்டிப்போடும் கார்டுகளுக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு; சைக்ளோனிக் ரிஃப்ட் அதில் இருக்கிறது. கீழ்ப் படி மேசைக்கு வரும்போது அதை எடுத்துவிட்டு இன்னொரு பாம்பைப் போட்டுக்கொள்வேன். எண்ணைவிட, உட்காரும் முன் இரண்டு நிமிடம் பேசுவதுதான் உதவுகிறது.

வீட்டில் ‘சீட்டாட்டமா?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கூட்டி வந்து பக்கத்தில் உட்காரவையுங்கள். பணம் வைப்பதில்லை என்று அவர்களே பார்க்கட்டும். ஆரம்ப கால விதிகளில் கார்டையே பந்தயம் வைக்கும் வழக்கம் இருந்தது உண்மை. அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். என் அம்மா முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “இதுவும் பரமபதம் மாதிரிதானேடா, இங்க பாம்பு உன் கட்சி, அவ்வளவுதான்” என்றார்.

இந்த ஆட்டத்தில் நம் நாட்டுச் சாயல் ஏதாவது உண்டா?

உண்டு. 2016இல் வந்த காலதேஷ் இந்தியச் சாயலில் கட்டிய உலகம். கிராபூர் என்ற நகரம், கண்டுபிடிப்பாளர்கள், தங்க வேலைப்பாடு போன்ற இயந்திரங்கள். 2025இல் வந்த ஈதர்ட்ரிஃப்ட் தொகுப்பில் அந்த உலகத்தின் பெயர் அவிஷ்கார் என்று மாறியது. மேலே சொன்ன நார்நம் கோப்ரா அங்கே பிறந்தது. எந்த மானாவிலும் இறங்கும் இரண்டு மானா இயந்திர நாகம். ஒரு பச்சை கொடுத்தால் டெத்டச். வலுவான கார்டு என்று சொல்ல மாட்டேன். என் டெக்கிலிருந்து எடுக்கவும் மாட்டேன்.

மழைக்காலத்தில் கார்டு வளைகிறதே?

ஃபாயில் (மினுமினுக்கும்) கார்டு ஈரத்தில் வளையும். உறை போட்டு, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். வாங்கும்போதே ஃபாயில் இல்லாததை எடுத்தால் தொல்லை குறைவு.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

எதுவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள், ஓர் ஆட்டம் அவ்வளவு ஓடும். ஹலசூரு மெட்ரோவில் இறங்கிக் கூப்பிட்டால் வந்து அழைத்துப் போகிறேன். கசெட்டோவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சோழிப் பெட்டியும் உங்கள் பக்கம். நான் எதிரே உட்கார்ந்து வேறு டெக் ஆடுகிறேன்.